அடைப்புக் கயிற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பம்புத் தண்டிற்கும் படகுச் சுக்கானுக்கும் உரிய கிளாண்டுக் கயிறு பற்றிய பாடம்

நீர் இறைக்கும் பம்பு ஒன்றை வாங்கப் புகுங்கால் நாம் பலவற்றையும் விசாரிக்கிறோம். குதிரைச் சக்தி எவ்வளவு, குழாய் எத்தனை அங்குலம், மணிக்கு எவ்வளவு நீர் தள்ளும், விலை என்ன என்றெல்லாம் கேட்கிறோம். ஆனால் அதன் தண்டைச் சுற்றி அடைத்து வைத்திருக்கும் கயிற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இரண்டு முழத்துக்கும் குறைவான அந்தக் கயிறு கெட்டுவிட்டால், பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய யந்திரம் நீரைத் தள்ளாமல் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் இரண்டு நாள் பாய்ச்சல் தவறினால் அதனால் நேரும் நஷ்டம் எத்தகையது என்பதை விவசாயிகளாகிய நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

நெசவாளர்களாகிய அங்கத்தினர்கள், "இது எங்களுக்கு எதற்கு?" என்று இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அடைப்புக் கயிறு என்பது நூலே. அதன் குணமும் குற்றமும் நூலின் குணத்தையும் பின்னலின் ஒழுங்கையும் பொறுத்தவை. அன்றியும் சாயப்பட்டறைகளில் சாய நீரையும் வெளுப்பு நீரையும் தள்ளும் பம்புகளிலும் இதே கயிறுதான் இருக்கிறது. ஆகையால் இப்பாடம் இரு சாராருக்கும் உரியது.

அடைப்புப் பெட்டியின் அமைப்பு

பம்பின் உடலுக்குள் இம்பெல்லர் சுழல்கிறது. அதைச் சுழற்றும் தண்டு வெளியே இருக்கும் மோட்டாரிலிருந்தோ எஞ்சினிலிருந்தோ உள்ளே வர வேண்டும். தண்டு சுழல வேண்டுமானால் துவாரம் தண்டைவிடச் சிறிது பெரிதாக இருத்தல் அவசியம். துவாரம் பெரிதானால் அவ்வழியே நீர் வெளிப்படும், அல்லது காற்று உட்புகும். இந்த இக்கட்டைத் தீர்க்கவே தண்டைச் சுற்றி ஒரு குழிவு அமைத்து, அதில் கொழுப்பூட்டிய கயிற்றை வளையம் வளையமாக வைத்து, வெளிப்புறத்திலிருந்து ஒரு மூடியால் அழுத்துகிறார்கள். குழிவுக்கு அடைப்புப் பெட்டி என்று பெயர். அழுத்தும் மூடியே கிளாண்டு. அதை இரண்டு போல்ட்டுகளும் நட்டுகளும் இறுக்கிப் பிடிக்கின்றன.

நட்டை முடுக்கினால் கிளாண்டு உள்ளே நகர்கிறது. கயிறு நீளவாக்கில் நசுங்கி, பக்கவாட்டில் பருத்துத் தண்டின்மீதும் பெட்டியின் சுவரின்மீதும் படிகிறது. கயிற்றின் வேலை இவ்வளவே. பல பம்புகளில் தண்டு தேயாதிருக்கும் பொருட்டு அதன்மேல் ஓர் உறை போட்டிருக்கும். சில பம்புகளில் வளையங்களுக்கு நடுவே துளைகளுள்ள உலோக வளையம் ஒன்றும் இருக்கும். இதை லாந்தர் வளையம் என்பர். பம்பின் தள்ளும் பக்கத்திலிருந்து ஒரு சிறு குழாய் வழியாக நீர் இவ்வளையத்துக்கு வந்து, கயிற்றை நனைத்துக் குளிர்விப்பதுடன் வெளிக்காற்று உள்ளே புகாதபடியும் தடுக்கிறது.

முதற் கேள்வி: தண்டு எவ்வாறு அசைகிறது?

கயிறு வாங்கச் செல்வோர் கடையில் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது கனம். இவ்விரண்டுக்கும் முன்னே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தண்டு எவ்வாறு அசைகிறது, எத்தனை வேகத்தில் அசைகிறது என்பதே அது. இதை விளக்க இரண்டு தண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டுக்கும் பருமன் 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பம்பினுடையது. மற்றொன்று படகின் சுக்கானுடையது.

40 மில்லிமீட்டர் தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 126 மில்லிமீட்டர். பம்பு நிமிஷத்துக்கு 1,440 சுற்றுகள் சுற்றுமானால் தண்டின் மேற்பரப்பு நிமிஷத்துக்கு 181 மீட்டர் தூரம் கயிற்றின்மீது உராய்கிறது. மணிக்கு இது சுமார் 11 கிலோமீட்டர் ஆகும். ஐந்து மணி நேரம் பாய்ச்சினால் 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உராய்வைக் கயிறு தாங்க வேண்டும். இந்த உராய்வில் பிறக்கும் வெப்பத்தை ஏதாவதொன்று வெளியே கொண்டு போகாவிட்டால் கயிற்றிலுள்ள கொழுப்பு உருகி ஓடிவிடும். நூல் கருகிக் கல்போல் இறுகும். பின்னர் தண்டையே அரம்போல் அராவத் தொடங்கும்.

சுக்கானின் நிலையோ வேறு. பெரிய கப்பல்களில் சுக்கானை ஒரு பக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகை வரை 28 விநாடிகளுக்குள் திருப்ப இயல வேண்டும் என்பது கடற்பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச விதி. அவ்வளவு தூரம் திருப்பினாலும் 40 மில்லிமீட்டர் தண்டின் மேற்பரப்பு 23 மில்லிமீட்டர்தான் நகரும். சிறு படகில் கையால் விரைவாகத் திருப்பினாலும் வெப்பம் என்று சொல்லத்தக்கது எதுவும் பிறப்பதில்லை. நீரின் அழுத்தமும் அற்பமே. நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழேயுள்ள சுக்கான் பெட்டியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.03 கிலோகிராம் அழுத்தமே உண்டு. 15 மீட்டர் உயரத்துக்கு நீர் தள்ளும் பம்பினுள் 1.5 கிலோகிராம் வரை அழுத்தம் ஏற்படுகிறது. அதில் எவ்வளவு பங்கு அடைப்புப் பெட்டியை வந்தடையும் என்பது பம்பின் அமைப்பைப் பொறுத்தது.

இதிலிருந்து பெறும் முடிவு தெளிவானது. சுழலும் தண்டுக்கு வெப்பமே முதற் பகை. ஆடும் தண்டுக்கு உப்பு நீரும் துருவும் அழுகலுமே முதற் பகை. ஒன்றுக்கு ஏற்ற கயிறு மற்றொன்றுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

துளிக் கணக்கு

"கிளாண்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகக்கூடாது" என்று எண்ணி நட்டை முடுக்கிக்கொண்டே போவது நம் தோட்டங்களில் சர்வ சாதாரணமாகக் காணும் தவறு. பம்பு சுழலும்பொழுது கிளாண்டிலிருந்து நிமிஷத்துக்கு 40 முதல் 60 துளி வரை விழுவதே நன்று. அத்துளிதான் வெப்பத்தைச் சுமந்து வெளியே செல்கிறது. அதுவே தண்டுக்கும் கயிற்றுக்கும் இடையே எண்ணெய்போல் நின்று உராய்வைக் குறைக்கிறது.

இதனால் வீணாகும் நீர் எவ்வளவு? ஏறத்தாழ 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். நிமிஷத்துக்கு 60 துளி என்றால் 3 மில்லிலிட்டர். எட்டு மணி நேரத்துக்கு 1,440 மில்லிலிட்டர், அதாவது ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. விநாடிக்கு 10 லிட்டர் தள்ளும் பம்பு அதே எட்டு மணி நேரத்தில் 2,88,000 லிட்டர் நீரை வயலுக்கு அனுப்புகிறது. இரண்டு லட்சத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கப் போய்த் தண்டையும் உறையையும் தேய்த்துக்கொள்வது எவ்வகையிலும் சிக்கனம் ஆகாது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது மெய்தான். ஆயினும் இந்தத் துளி கூலி பெற்று வேலை செய்யும் துளி.

படகில் இக்கணக்கு மாறுபடும். படகை உந்தும் விசிறியின் தண்டும் சுழலும் தண்டே. ஆனால் உள்ளே வரும் நீர் படகின் அடியில் தேங்கும். ஆகையால் அங்கே ஓடும்பொழுது நிமிஷத்துக்குச் சில துளிகளும், நிற்கும்பொழுது துளியே இன்றியும் இருக்குமாறு சரிப்படுத்துவர். சுக்கான் தண்டுக்கோ வெப்பம் இல்லையாதலால் எப்பொழுதும் துளியின்றி அடைத்துவிடலாம்.

பின்னலின் தன்மை

அடைப்புக் கயிறு முறுக்கிய கயிறன்று, பின்னிய கயிறு. அதன் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். பின்னலில் பல வகைகள் உண்டு. நடுவே ஒரு திரியை வைத்து மேலே உறைபோலப் பின்னுவது ஒரு வகை. பார்வைக்கு அழகாயிருக்கும். ஆனால் மேலுறை ஓரிடத்தில் தேய்ந்து அறுந்தால் உள்ளிருக்கும் திரி வெளிப்பட்டுக் கயிறு முழுவதும் பிரிந்துவிடும். ஆதலால் வேகமாகச் சுழலும் தண்டுக்கு இது ஏற்றதன்று. மற்றொரு வகையில் ஒவ்வொரு புரியும் கயிற்றின் ஒரு மூலையிலிருந்து உடலின் ஊடே குறுக்காகச் சென்று எதிர் மூலையில் வெளிப்படும். இதில் மேற்பரப்பிலுள்ள சில இழைகள் தேய்ந்தாலும் மற்றவை ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். சதுரம் குலையாது. கயிறு வாங்குவோர் ஒரு துண்டை வெட்டி முனையைப் பார்த்தாலே இவ்வேறுபாடு விளங்கும். இழையின் போக்கைக் கண்டறிவதில் நெசவாளர்களுக்கு நிகர் எவரும் இலர். ஆகவே சங்கத்துக்குக் கயிறு வாங்கும்பொழுது அவர்களையும் உடன் வைத்துக்கொள்வது சாலச் சிறந்தது.

நெசவில் பாவுக்குக் கஞ்சி போடுகிறோம். அடைப்புக் கயிற்றுக்குக் கஞ்சி ஆகாது. அது நீரில் கரைந்து போகும். நூல் அழுகவும் இடங்கொடுக்கும். இங்கே நூலுக்கு ஊட்ட வேண்டியது நீரில் கரையாத வழுவழுப்பான பொருள். விலங்குக் கொழுப்பு, மெழுகு, கிரீஸ், கிராபைட் என்னும் காரீயக் கரி, டெப்லான் ஆகியவை அப்பொருள்கள். இது போதிய அளவு ஊறாத கயிறு எவ்வளவு நல்ல நூலாயினும் விரைவில் கருகும்.

கயிற்றின் வகைகள்

பருத்தி: மிருதுவானது, விலை குறைந்தது. குளிர்ந்த நல்ல நீருக்கும் மெதுவாகச் சுழலும் தண்டுக்கும் ஏற்றது. தேய்ந்த பழைய தண்டின்மீதும் நன்றாகப் படியும். ஆயினும் வெப்பம் தாங்காது. நீண்ட நாள் நனைந்தும் உலர்ந்தும் கிடந்தால் இற்றுப்போகும்.

ஆளிநார்: லினன் துணி நெய்யப் பயன்படும் அதே நார். நனைந்தால் வலுவிழக்காமல் மேலும் உறுதி பெறும் இயல்புடையது. கொழுப்பும் மெழுகும் ஊட்டிய ஆளிநார்க் கயிறு நெடுங்காலமாகக் கப்பல்களிலும் படகுகளிலும் கையாளப்பட்டு வருகிறது. இன்றும் உப்பு நீரில் மெதுவாக அசையும் தண்டுகளுக்கு அது நம்பத்தக்கது.

கிராபைட் ஊட்டிய கயிறு: வெப்பத்தை விரைவில் கடத்தும். ஆதலால் வேகமாகச் சுழலும் பம்புகளுக்கு ஏற்றது. கடல்நீரில் மாத்திரம் இதைத் தவிர்க்க வேண்டும். காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

டெப்லான்: 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்பவர் கண்டறிந்த பொருளின் வணிகப் பெயர். அமிலமும் காரமும் இதைத் தாக்குவதில்லை. உராய்வு மிகக் குறைவு. ஆனால் வெப்பத்தைக் கடத்தாது. சூடேறினால் விரிந்து தண்டை இறுக்கும். எனவே இதைப் பொருத்தும்பொழுது பொறுமை மிகவும் வேண்டும். அக்ரிலிக் நூலில் டெப்லான் ஊட்டிய கயிறு பாசனப் பம்புகளுக்குப் போதுமானது.

அராமிட்: மிக வலிய செயற்கை நூல். மணல் கலந்த நீர் வரும் கிணறுகளுக்கு ஏற்றது. ஆனால் தண்டின் உறை கடினமான உலோகமாக இருத்தல் வேண்டும். மிருதுவான வெண்கல உறையை இது தேய்த்துவிடும்.

வெளுப்பு நீர் தள்ளும் பம்புகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. மிதமிஞ்சி வெளுத்த நூல் கையால் இழுத்தாலே அறுவதை நெசவாளர்கள் அறிவர். பம்பிலுள்ள பருத்திக் கயிற்றுக்கும் அக்கதியே நேரும். அராமிட்டும் அந்நீரைத் தாங்காது. அங்கே கலப்பற்ற டெப்லான் கயிற்றையே வாங்க வேண்டும்.

அவசரத்துக்குத் தேங்காய்நார்க் கயிற்றையும் கிழிந்த வேட்டித் துணியையும் கிரீஸில் தோய்த்துத் திணிப்பவர்கள் உளர். தேங்காய்நார் முரடானது. அதில் ஒட்டியிருக்கும் மணல் தண்டில் கோடு கோடாகப் பள்ளம் பறிக்கும். பள்ளம் விழுந்த தண்டில் எந்த உயர்ந்த கயிறும் நிற்காது. ஒருநாள் சமாளிப்புக்காகத் தண்டையே மாற்ற வேண்டிய செலவைத் தேடிக்கொள்ளலாகாது.

கல்நார் வேண்டா

முற்காலத்தில் சூடு தாங்கும் கயிறு என்றாலே கல்நார்க் கயிறுதான். அதன் நுண்ணிய இழைகள் மூச்சுடன் கலந்து நுரையீரலில் தங்கினால் நுரையீரல் தழும்பேறுதலும் புற்றுநோயும் உண்டாகின்றன. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகையால் இன்று கையாண்டவருக்கு நாளையே தீங்கு தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் என்று வகுத்துள்ளது. விலை மலிவு என்பதற்காக இதை வாங்குதல் கூடாது.

பழைய பம்பிலிருந்து எடுக்கும் கயிறு கல்நாரா அன்றா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஐயமிருந்தால் கல்நார் என்றே கொண்டு, நீரூற்றி நன்றாக நனைத்த பிறகே தோண்டி எடுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் சுரண்டவோ, காற்றடித்து ஊதவோ கூடாது. எடுத்ததை ஈரத்துடன் பையிலிட்டுக் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்த வேண்டும்.

படகுச் சுக்கானுக்கு ஏற்றது

விவசாயமும் நெசவும் நம் தொழில்களாயினும், கரையோர ஊர்களில் நம் அங்கத்தினர் குடும்பங்களில் விசைப்படகு வைத்திருப்போர் உண்டு. அவர்கள் பொருட்டு இப்பகுதியை எழுதுகிறோம். சுக்கானைப் படகின் பின்புறத்தில் வெளியே தொங்கவிட்டிருந்தால் அடைப்புப் பெட்டியே தேவையில்லை. சுக்கான் தண்டு படகின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும்பொழுதுதான் அது வேண்டியிருக்கிறது.

அங்கே கிராபைட் கயிறு ஏன் ஆகாது? கடல்நீர் மின்சாரம் கடத்தும் நீர். அதில் கிராபைட்டும் உலோகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலமாக மாறிவிடுகிறது. அந்த மின்கலத்தில் அரிபடுவது எப்பொழுதும் உலோகமே. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லப்படும் தண்டில்கூடக் கயிற்றின் அடியில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பாகத் தெரியும். கிளாண்டைக் கழற்றிப் பார்த்தால்தான் கேடு புலப்படும். ஆகவே கடற்படகின் சுக்கானுக்குக் கொழுப்பூட்டிய ஆளிநார்க் கயிறு அல்லது கிராபைட் கலவாத டெப்லான் ஊட்டிய கயிறு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுக்கான் கிளாண்டை மிகவும் இறுக்கினாலும் தவறு. பிடி கனத்து, திருப்புவோர் கை சோர்ந்து, அலையின் நடுவே படகு சொல்லுக்குக் கட்டுப்படாமற் போகும். கையால் தடையின்றித் திரும்புகிற அளவுக்கும், நீர் கசியாத அளவுக்கும் இறுக்கினால் போதும். இறுக்கியும் கசிவு நிற்காவிட்டால் சுக்கான் தண்டைத் தாங்கும் புஷ்கள் தேய்ந்து தண்டு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். படகு நீரில் மிதக்கும்பொழுது பழைய கயிற்றை எடுத்தால் நீர் உட்புகும். பெட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பின், படகைக் கரையேற்றிய பின்னரே கயிறு மாற்றுதல் வேண்டும்.

அளவு எடுத்தல்

கயிற்றின் கனத்தை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. பெட்டியின் உள்விட்டத்திலிருந்து தண்டின் அல்லது உறையின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். உள்விட்டம் 60 மில்லிமீட்டர், உறை 40 மில்லிமீட்டர் என்றால் மீதி 20. அதில் பாதியாகிய 10 மில்லிமீட்டர் கயிறே வேண்டும். பழைய கயிற்றை மாதிரியாக எடுத்துச் சென்று வாங்கலாகாது. அது நசுங்கி அளவு மாறியிருக்கும்.

ஒரு வளையத்தின் நீளம், தண்டின் விட்டத்துடன் கயிற்றின் கனத்தைக் கூட்டி 3.14ஆல் பெருக்கி வருவது. மேற்கண்ட உதாரணத்தில் 50ஐ 3.14ஆல் பெருக்க 157 மில்லிமீட்டர். லாந்தர் வளையம் இல்லாத பெட்டியின் ஆழம் 60 மில்லிமீட்டர் என்றால் ஐந்து வளையங்கள் வைத்து, கிளாண்டின் முனை நுழைய 10 மில்லிமீட்டர் இடம் விடலாம். ஐந்துக்கும் சேர்த்து 80 சென்டிமீட்டர் கயிறு போதும்.

கயிறு சற்றுக் கனமாக இருந்தால் சுத்தியலால் தட்டி நுழைப்பது வழக்கமாயிருக்கிறது. இது இழையை முறிக்கும். சமமான பலகையில் வைத்து ஒரு குழாய்த் துண்டால் உருட்டி மெல்லச் சரிப்படுத்தலாம். மெலிந்த கயிற்றை வாங்கி அதிகமாக இறுக்கிக்கொள்ளலாம் என்பதும் பிழையே.

பொருத்தும் முறை

முதலாவது, மின்சாரத்தை மெயின் சுவிட்சிலேயே துண்டித்து ஃபியூஸையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினாயின் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். வேட்டி முனையையும் தோள் துண்டையும் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். சுழலும் தண்டு துணியின் நுனியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும்.

இரண்டாவது, பழைய கயிறு முழுவதையும் கொக்கியால் எடுக்க வேண்டும். மேலே ஒரு வளையம் மாத்திரம் புதிதாகச் சேர்ப்பதால் பயனில்லை. அடியில் கல்லாக இறுகிய வளையங்கள் அப்படியே நிற்கும். லாந்தர் வளையத்துக்கு அப்பாலுள்ளவற்றையும் மறவாமல் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, உறையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டும்படி பள்ளம் இருந்தால் உறையை மாற்றிய பிறகே கயிறு வைக்க வேண்டும்.

நான்காவது, தண்டின் பருமனேயுள்ள ஓர் உருளைக் கட்டையில் கயிற்றைச் சுற்றி, கூரிய கத்தியால் வளையங்களாக வெட்ட வேண்டும். ஒரே கயிற்றைச் சுருள் சுருளாகப் பெட்டியில் சுற்றி வைப்பது கூடாது. நீர் சுருளின் வழியே வெளியேறப் பாதை ஏற்பட்டுவிடும்.

ஐந்தாவது, வளையங்களை ஒவ்வொன்றாக அடிவரை தள்ளி அமர்த்த வேண்டும். ஒன்றின் மூட்டு மேலே இருந்தால் அடுத்ததன் மூட்டு கால் சுற்றுத் தள்ளி இருக்க வேண்டும். சுவர் எழுப்பும் கொத்தனார் செங்கல் மூட்டின்மேல் மூட்டு வராமல் பார்ப்பதில்லையா? அதே நியாயம்தான் இதுவும். லாந்தர் வளையம் இருந்தால் அது நீர்க்குழாயின் துவாரத்துக்கு நேரே வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஆறாவது, நட்டுகளைக் கைவிரலால் மாத்திரம் இறுக்கிப் பம்பை ஓட்ட வேண்டும். முதலில் நீர் தாராளமாக ஒழுகட்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு நட்டுகளையும் சமமாக, ஆறு பட்டைகளில் ஒரு பட்டை அளவே திருப்ப வேண்டும். நிமிஷத்துக்கு 60 துளிக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இடையில் கிளாண்டு கை வைக்க முடியாத சூடு அடைந்தால் பம்பை நிறுத்தி, ஆறவிட்டு, நட்டைத் தளர்த்தி மீண்டும் தொடங்க வேண்டும். சூட்டைப் பார்க்கும்பொழுது பெட்டியின் வெளிப்புறத்தைத்தான் தொட வேண்டும், சுழலும் தண்டையன்று.

காற்றுப் புகும் குறை

ஒரு தோட்டத்தில் நாம் கண்டதைக் கூறுவோம். பம்பு அரை மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு நீர் குறைந்து நின்றுவிடும். கிணற்றில் நீர் குறைவில்லை. புட்வால்வை இருமுறை மாற்றியும் பயனில்லை. கிளாண்டில் ஒரு சொட்டும் ஒழுகாததால் அதன்மேல் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கிளாண்டின் அருகே பிடித்தபொழுது புகை தண்டோரமாக உள்ளே இழுக்கப்பட்டது. காய்ந்து சுருங்கிய கயிற்றின் வழியே பம்பு காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. லாந்தர் வளையத்துக்கு வரும் சிறு குழாயும் சேறு அடைத்துக் கிடந்தது. குழாயைச் சுத்தம் செய்து புதிய கயிறு வைத்ததும் குறை நீங்கியது.

கிணற்றிலிருந்து நீர் மேலேறுவதற்குக் காரணம் காற்றின் அழுத்தமே. அது 10.3 மீட்டர் நீரைத்தான் தாங்கும். நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சுவது கடினம். அவ்வெல்லைக்கு அருகே வேலை செய்யும் பம்பில் சிறிது காற்றுப் புகுந்தாலும் நீரின் தொடர்ச்சி அறுந்துவிடும். சொட்டாத கிளாண்டு நல்ல கிளாண்டு என்ற எண்ணம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இது சான்று.

சங்கம் செய்யத்தக்கது

இப்பொழுது பல மோனோபிளாக் பம்புகளில் கயிற்றுக்குப் பதிலாக மெக்கானிக்கல் சீல் வருகிறது. அது சொட்டாது. ஆனால் கெட்டால் முழுவதையும் மாற்ற வேண்டும். கயிறு வைத்த பம்பையோ அங்கத்தினர் தாமே சீர்செய்துகொள்ளலாம். தனித்தனியே வாங்கும்பொழுது அளவு பொருந்தாத கயிறும் மட்டமான கயிறும் தலையில் கட்டப்படுகின்றன. அங்கத்தினர்கள் தத்தம் பம்பின் உறை விட்டம், பெட்டியின் உள்விட்டம், ஆழம், வளையங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் குறித்துச் சங்கத்தில் பதிந்துவைத்தால், எந்த அளவு எத்தனை பேருக்கு வேண்டும் என்பது தெளிவாகும். அவ்வளவுகளில் நல்ல கயிற்றை மொத்தமாகக் கிலோக் கணக்கில் வாங்கி வேண்டிய நீளம் வெட்டித் தரலாம். பழைய வளையங்களை எடுக்கும் கொக்கி ஒன்றும் சங்கத்தில் பொதுவாக இருக்கட்டும். தனித்து நிற்பவனுக்குப் பெருஞ்செலவாகத் தோன்றுவது கூடி நிற்பவர்களுக்குச் சிறு செலவாகிவிடும்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. பம்பு கிளாண்டில் துளி விழ வேண்டும், சுக்கான் கிளாண்டில் விழ வேண்டுவதில்லை. காரணம் யாது?

2. பெட்டியின் உள்விட்டம் 66 மில்லிமீட்டர், உறையின் விட்டம் 50 மில்லிமீட்டர். கயிற்றின் கனமும் ஒரு வளையத்தின் நீளமும் எவ்வளவு?

3. உங்கள் பம்பின் கிளாண்டில் நிமிஷத்துக்கு எத்தனை துளி விழுகிறது? அடுத்த கூட்டத்துக்கு வருமுன் எண்ணிக் குறித்துக்கொண்டு வருக.